இடிப்பதா, பழுதுபார்ப்பதா? நவீனக் கட்டடங்களில் காப்பாற்ற வேண்டியது எது

2020 டிசம்பரில் அகமதாபாத் ஐ.ஐ.எம். தன் வளாகத்தில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த 18 பழைய மாணவர் விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தது. உலகின் பல பக்கங்களிலிருந்தும் கட்டடக் கலைஞர்கள் எதிர்த்து எழுதினார்கள். 2021 ஜனவரி 1 அன்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில், வளாகத்தின் சில பகுதிகளை மீட்டெடுப்பது சாத்தியமில்லை, அவற்றை மாற்றிக் கட்டப்போகிறோம் என்று நிறுவனம் மறுபடியும் சொல்ல, சர்ச்சை திரும்பவும் கிளம்பியது.

செய்தியைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. அரண்மனை இல்லை, கோயில் இல்லை. வெறும் செங்கல் ஹாஸ்டல். அதிலும் செங்கல் உதிர்கிறது, மழையில் ஒழுகுகிறது. இதற்கு ஏன் இத்தனை கூச்சல்?

இந்தக் கேள்விக்கு எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. லூயி கான், லெ கார்பூசியே, தோஷி, கொரியா என்று நான்கு பேரையும் ‘நவீனக் கட்டடக் கலை’ என்ற ஒரே அடைப்புக்குள் போட்டுவிடுகிறோம். ஆனால் ஒவ்வொருவரும் தன் கலையைக் கட்டடத்தின் வெவ்வேறு இடத்தில் வைத்தார்கள். ஒருவருக்கு அது சுவரில் இருக்கிறது, இன்னொருவருக்கு வீடுகளுக்கு நடுவே உள்ள தெருவில். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது விளங்கும்.

## அடிப்படை: இரண்டு முடிவுகள்

பழைய கட்டடங்களில் சுவர்தான் சுமை தாங்கி. மாடி ஏற ஏறச் சுவர் தடிக்கும், ஜன்னல் சிறுக்கும். கம்பி போட்ட கான்கிரீட் வந்ததும் சுமை தூண்களுக்கும் தளத்துக்கும் போய்விட்டது. சுவருக்கு மறைக்கிற வேலை மட்டும் மிச்சம். இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று 1927-இல் ஐந்து அம்சங்களாக எழுதிக் காட்டியவர் லெ கார்பூசியே:

1. கட்டடத்தைத் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தித் தரையை விடுவிப்பது.
2. சுமை தாங்காத சுவர்களை உள்ளே விரும்பிய இடத்தில் வைப்பது.
3. முகப்பையும் அதேபோல விரும்பியபடி அமைப்பது.
4. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீண்ட பட்டை ஜன்னல்.
5. கட்டடம் விழுங்கிய தரைக்கு ஈடாக மொட்டை மாடியில் தோட்டம்.

பாரிஸுக்கு அருகில் 1931-இல் முடிந்த வில்லா சவோய் இந்த ஐந்துக்கும் பாடநூல் உதாரணம். இன்று நம் ஊரில் கீழே கார் நிறுத்தத் தூண்கள், மேலே வீடுகள் என்று எழும் அடுக்குமாடிகள் எல்லாம் முதல் அம்சத்தின் தூரத்து உறவுகள். அவருடைய அழகு அவற்றுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது முடிவு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. இன்றைய சர்ச்சைகளுக்கு வேர் அதுதான். பூச்சு வேண்டாம், பெயின்ட் வேண்டாம், கான்கிரீட்டோ செங்கலோ வார்த்தபடி, அடுக்கியபடி தெரியட்டும் என்றார்கள். பிரான்ஸின் மார்சே நகரில் 1952-இல் முடிந்த கார்பூசியேவின் குடியிருப்புக் கட்டடத்தில் சென்ட்ரிங் பலகையின் மர ரேகைகூட அப்படியே பதிந்திருக்கிறது. இந்தப் போக்குதான் பின்னால் புருட்டலிசம் என்று பெயர் பெற்றது.

நம் வீடுகளில் பூச்சுக்கு இரண்டு வேலை. கொத்தனாரின் பிழையை மறைக்கும், வெயிலையும் மழையையும் தான் வாங்கிக்கொள்ளும். கெட்டுப்போனால் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசலாம். பூச்சே இல்லாத கட்டடத்தில் அந்த வசதி இல்லை. அங்கே மேற்பரப்பை மாற்றினால் கட்டடக் கலைஞரின் வேலையையே மாற்றியதாகிவிடும்.

## லெ கார்பூசியே: நிழலைக் கான்கிரீட்டில் வார்த்தவர்

1887-இல் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லா ஷோ-த-ஃபோன் ஊரில் பிறந்தவர். இயற்பெயர் ஷார்ல்-எதுவார் ழானெரே. பஞ்சாபின் புதிய தலைநகராகத் திட்டமிடப்பட்ட சண்டிகருக்கு அவர் முதல் தேர்வு அல்ல. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் அவரோடு வேலைசெய்த மேத்யூ நோவிட்ஸ்கியும்தான் முதலில் திட்டம் வரைந்தார்கள். 1950-இல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்த பிறகு வேலை கார்பூசியேவிடம் வந்தது. 1951 முதல் அவர் வந்து போனார். ஊரிலேயே தங்கி வேலையை நடத்தியவர்கள் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ழானெரேவும், ஆங்கிலேயத் தம்பதி மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூவும், ஓர் இளம் இந்தியக் குழுவும். புகழ் பெரும்பாலும் ஒருவர் கணக்கில் ஏறிவிட்டது.

சண்டிகரில் அவர் எதிர்கொண்ட பிரச்சினை வெயில். உயர் நீதிமன்றத்துக்கு மேலே இன்னொரு கூரையைக் குடைபோலப் பிடித்து, நடுவில் காற்று ஓட இடம் விட்டார். தலைமைச் செயலகத்தின் 254 மீட்டர் நீள முகப்பில் ஆழமான கான்கிரீட் கட்டங்கள் இருக்கின்றன. வெயில் கண்ணாடியைத் தொடுமுன் அவை மறிக்கும். சட்டமன்ற மண்டபத்தின் வடிவத்துக்கு அகமதாபாத் மின் நிலையத்தில் பார்த்த குளிர்விப்புக் கோபுரத்தை எடுத்துக்கொண்டார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தடித்த கான்கிரீட் பகலில் சூட்டை வாங்கி, சூரியன் இறங்கிய பிறகு மெதுவாக வெளியே விடும். நிழல் தரும் தடுப்பே மாலையில் அடுப்பாகிவிடுகிறது. ஆக, கார்பூசியேவின் கலை இருப்பது மேற்பரப்பிலும் நிழலிலும். இந்த மூன்று கட்டடங்களும் நிற்கும் சண்டிகரின் தலைமை வளாகம் 2016-இல், ஏழு நாடுகளில் பரவிய அவருடைய 17 படைப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்த வளாகத்துக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்துவிட்டது. பட்டியலுக்கு வெளியே இருப்பவைதான் பிரச்சினை.

## லூயி கான்: சுவரை மீண்டும் சுவராக்கியவர்

நவீனம் சுமையைத் தூணுக்கு மாற்றியது என்று பார்த்தோம். கான் அதைத் தலைகீழாக்கினார்.

1901-இல், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த எஸ்டோனியாவில் பிறந்து, குழந்தையாக ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்தார். ஐம்பது வயதுவரை பெரிதாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. 1950-51-இல் ரோமில் தங்கி, அங்கிருந்து கிரேக்கம், எகிப்து என்று பழைய இடிபாடுகளைப் பார்த்து வரைந்தார். அலங்காரமெல்லாம் உதிர்ந்த பிறகும் அவை கம்பீரமாக நிற்கின்றனவே, அந்தக் கம்பீரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. அதற்குப் பிறகு வந்தவைதான் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையம், டெக்சாஸின் கிம்பெல் அருங்காட்சியகம், அகமதாபாத், டாக்கா எல்லாம். முக்கியமான படைப்புகள் அத்தனையும் கடைசி இருபத்து சொச்சம் ஆண்டுகளில்.

அவருடைய இரண்டு கொள்கைகள் தெரிந்தால் போதும்.

முதலாவது, ஒரு கட்டடத்தில் பணிபெறும் இடங்கள், பணிசெய்யும் இடங்கள் என்று இருவகை உண்டு. படிப்பறையும் கூடமும் முதல் வகை. படிக்கட்டு, குழாய், கழிவறை, லிஃப்ட் இரண்டாவது வகை. இரண்டாவதை மூலையில் ஒளித்து வைக்காமல், அதற்கும் தனி உருவம் கொடுத்து வெளியே காட்டினார்.

இரண்டாவது, பொருளைக் கேட்டுச் செய்வது. செங்கல்லிடம் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டால் அது ‘ஆர்ச் வேண்டும்’ என்று சொல்லும் என மாணவர்களிடம் கூறுவார். கேட்க விளையாட்டாக இருந்தாலும் அதில் பொறியியல் இருக்கிறது. செங்கல் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளைவில் அடுக்கினால் எல்லாக் கல்லும் நசுங்க மட்டுமே செய்யும். அதனால் ஆர்ச் நிற்கிறது.

அகமதாபாத்துக்கு அவர் வந்த கதை சுவாரசியமானது. 1961-இல் தொடங்கிய ஐ.ஐ.எம்.-மின் பின்னணியில் விக்ரம் சாராபாயும் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் இருந்தார்கள். 1962-இல் வளாகத்தை வடிவமைக்கத் தோஷியைக் கேட்டபோது, என்னைவிடக் கானை அழையுங்கள் என்றார் அவர். கிடைத்த பெரிய வேலையை இன்னொருவர் கையில் கொடுப்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. கானுக்குப் பிறகு வளாகத்தின் மிச்சப் பகுதிகளைக் கட்டியவர் அவரிடம் வேலைசெய்த அனந்த் ராஜே.

அன்று இரும்பும் சிமென்டும் அரிது. செங்கல்லும் கூலியும் மலிவு. கான் செங்கல்லைத் தேர்ந்ததற்கு அழகியல் பாதி காரணம் என்றால் இதுவும் பாதி. ஆனால் அகலமான திறப்புக்குத் தாழ்வான ஆர்ச் போட்டால் அது இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்து நிறுத்த, ஆர்ச்சின் இரு கால்களையும் இணைத்துக் குறுக்கே ஒரு கான்கிரீட் கட்டை வைத்தார். செங்கல் நசுங்குகிறது, கான்கிரீட்டும் உள்ளிருக்கும் கம்பியும் இழுக்கின்றன. ஐ.ஐ.எம். படங்களில் திரும்பத் திரும்பத் தெரியும் அந்தச் சாம்பல் பட்டை அலங்காரம் இல்லை. எடுத்தால் ஆர்ச் விரிந்துவிடும்.

விடுதிகளில் நீண்ட தாழ்வாரம் கிடையாது. படிக்கட்டையும் தேநீர் அறையையும் சுற்றி அறைகள் சிறு சிறு கூட்டமாக இருக்கின்றன. மாணவன் அறையைவிட்டு வெளியே வந்தால் யாரையாவது சந்தித்தே ஆக வேண்டும். விடுதிகளுக்கு இடையே உள்ள முற்றங்களும் அதே நோக்கத்துக்குத்தான். வகுப்பறையில் நடக்கும் படிப்பு பாதிதான் என்று அவர் நினைத்தார். 14 விடுதிகளை எடுத்துவிட்டால் தனித்தனிக் கட்டடங்கள் மட்டும் போவதில்லை, அவற்றுக்கு இடையிலான அந்த ஊர் அமைப்பும் போய்விடும். எதிர்த்தவர்களின் வாதத்தில் இதுதான் கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. கானின் புகழை முன்வைத்த வாதம் அவ்வளவு கனமில்லை.

டாக்கா நாடாளுமன்றத்தில் இன்னொரு நுணுக்கம். ஒரு நாளில் ஐந்தடி உயரம்தான் கான்கிரீட் போட முடியும். மறுநாள் அதன்மேல் போடும்போது இணைப்புக் கோடு அசிங்கமாகத் தெரியும். அந்தக் கோட்டிலேயே வெள்ளைப் பளிங்குப் பட்டை வைத்துவிட்டார். கட்டிய வேகத்தின் அளவுகோல் சுவரில் அப்படியே நிற்கிறது. 1962-இல் தொடங்கிய அந்தக் கட்டடம் 1982-இல் முடிந்தபோது அவர் இல்லை. 1974 மார்ச்சில், அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார், பெருங்கடனோடு.

## ஏன் சிதைகிறது

இனி பொறியியல் பக்கம். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது இப்படி நடக்கிறது:

1. புதிய கான்கிரீட் நல்ல காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டாகித் துருவைத் தடுக்கிறது.
2. காற்றிலுள்ள கரியமில வாயு மெதுவாக உள்ளே ஊடுருவிக் காரத்தைக் குறைக்கிறது. கடலோரமானால் உப்பும் சேர்ந்துகொள்ளும்.
3. காரம் குறைந்த எல்லை கம்பியை எட்டியதும் படலம் கரைகிறது. ஈரம் பட்டால் துரு.
4. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். வெளியே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பழைய வீட்டுச் சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது இதனால்தான்.

கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே உள்ள கனத்தை வேலையிடத்தில் ‘கவர்’ என்பார்கள். கவர் குறைந்தால் மூன்றாம் கட்டம் சீக்கிரம் வந்துவிடும். பூச்சும் இல்லையென்றால் இன்னும் சீக்கிரம். ஐ.ஐ.எம். கட்டடங்களில் செங்கல் கட்டுமானத்துக்குள்ளேயே கம்பி வைத்திருக்கிறார்கள். அது துருத்ததும் செங்கல் வெடிக்கிறது. 2001 பூஜ் நிலநடுக்கமும் தன் பங்குக்கு உலுக்கியது. செங்கல்லின் தரமே குறைவு என்பதும் நிறுவனத்தின் வாதம்.

ஆனால் சிதைவு விதி அல்ல. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பாருங்கள். செக் நாட்டில் பிறந்த ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃப்ரான்டிஷெக் சாமரும் இருந்து கட்டியது. 1930-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. இந்தியாவின் மிக முந்தைய கான்கிரீட் நவீனக் கட்டடங்களில் ஒன்று. கடற்காற்று நேராக வந்து அடிக்கும் ஊர். இருந்தும் இன்றுவரை அதே வேலைக்குப் பயன்படுகிறது, பளிச்சென்று இருக்கிறது. கட்டும்போது காட்டிய பொறுமை ஒரு காரணம், அங்கே குடியிருப்பவர்களே அன்றாடம் அதைப் பராமரிப்பது இன்னொரு காரணம். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்காத அரசு வளாகங்களில் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

## தோஷியும் கொரியாவும்: மாறட்டும் என்று கட்டியவர்கள்

பாலகிருஷ்ண தோஷி 1927-இல் புனேயில் பிறந்தார். 1950-களின் தொடக்கத்தில் பாரிஸில் கார்பூசியேவிடம் வேலை. பிறகு அகமதாபாத் வந்து அவருடைய கட்டடங்களை மேற்பார்வையிட்டார், கானோடும் வேலைசெய்தார். இரண்டு பெரிய நிழல்களுக்குக் கீழே இருந்தவர் தனக்கென ஒரு பாணி கண்டுபிடிக்க நாளானது. சங்கத் என்ற அவருடைய அலுவலகத்தில் அது தெளிவாகத் தெரிகிறது: பாதி மண்ணுக்குள் இறங்கிய வளைகூரை அறைகள், மேலே வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பீங்கான் சில்லுகள். பெங்களூர் ஐ.ஐ.எம்.-மில் சாம்பல் நிறக் கருங்கல் சுவர்களும், மேலே கொடி படர்ந்த திறந்த நடைகளும். கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2018-இல் பெற்ற முதல் இந்தியர். 2023 ஜனவரியில் காலமானார்.

அவருடைய படைப்புகளில் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது இந்தூரின் அரண்யா குடியிருப்பு. 1980-களில் சுமார் 80,000 பேருக்காகத் திட்டமிட்டது. அவர் கட்டிக் கொடுத்தது மாதிரிக்கு 80 வீடுகள்தான். ஏழைக் குடும்பங்களுக்கு மனை, அடித்தளம், தண்ணீர், கழிவறை. சிலருக்குக் கூடவே ஓர் அறை. மற்றதைக் கையில் காசு சேரச் சேர அவர்களே கட்டிக்கொள்ளலாம். தெருவின் அகலம், திண்ணை, வெளிப்படி, வீடுகள் கூடும் சதுக்கம் ஆகியவற்றை மட்டும் அவர் தீர்மானித்தார். இன்று அங்கே போய் ‘தோஷியின் வீட்டை மாற்றிவிட்டார்களே’ என்று வருந்துவது அர்த்தமற்றது. மாற்றத்தான் கொடுத்தார். அங்கே காப்பாற்ற வேண்டியது தெருவும் சதுக்கமும்.

சார்லஸ் கொரியா (1930–2015) வானம் பார்த்த இடங்களின் ஆள். சபர்மதி ஆசிரமத்தில் 1963-இல் முடிந்த காந்தி அருங்காட்சியகம் 6 மீட்டர் சதுரக் கூறுகளால் ஆனது. ஓட்டுக் கூரை, செங்கல் தூண், மரச் சட்ட ஜன்னல், நடுவே நீர் முற்றம். தேவைப்பட்டால் இன்னும் சில சதுரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் யோசனை. மும்பையில் 1983-இல் முடிந்த காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூலையில் இரண்டு மாடி உயரத் திறந்த தோட்டம். கடற்காற்று வர வேண்டும், மழையும் வெயிலும் வரக்கூடாது. பழைய பங்களா வராந்தாவின் வேலையை வானத்தில் செய்தார். கொரியாவின் கட்டடத்தில் ஓடு மாறலாம், பூச்சு மாறலாம். முற்றத்தை மூடிக் குளிர்சாதனம் போட்டால்தான் கதை முடிந்தது.

அதற்காக அவர் கட்டடங்களுக்கு ஆபத்தில்லை என்று சொல்லவில்லை. கோவாவின் பணஜியில் மாண்டவி ஆற்றங்கரையிலுள்ள அவருடைய கலா அகாடமி என்ற கலை மையத்தில், 2023 ஜூலையில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதே திறந்தவெளி அரங்கின் கூரை இடிந்து விழுந்தது.

## சட்டத்தின் வயதுக் கணக்கு

1958-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டுகளைத் தாண்டியவற்றைத்தான் பார்க்கும். நவீனக் கட்டடங்கள் பெரும்பாலும் 1950-க்குப் பிந்தையவை. நூறு வருவதற்குள் கான்கிரீட் அதன் முதல் பெரிய பழுதை எட்டிவிடுகிறது. பாதுகாப்பு அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் சட்டம் இன்னும் வயதை எண்ணிக்கொண்டிருக்கிறது.

இதன் விலை டெல்லியில் தெரிந்தது. சுதந்திர வெள்ளிவிழாவை ஒட்டி 1972-இல் பிரகதி மைதானத்தில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் நாடுகளின் மண்டபம் என்ற கண்காட்சிக் கூடத்தை எழுப்பினார்கள். நடுவில் தூணே இல்லாமல் எழுபது மீட்டருக்கு மேல் தாவும் முக்கோணப் பின்னல். உலகில் இப்படிப்பட்ட பின்னலை எஃகில் செய்வார்கள். இங்கே எஃகு கிடைக்கவில்லை என்பதால் கான்கிரீட்டில், கையால் வார்த்தார்கள். தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த ஒரு கண்டுபிடிப்பு அது. அதை இடிக்கும் திட்டம் வந்தபோது, 60 வயது ஆகாதவை பரிசீலனைக்கு வராது என்று டெல்லியின் பாரம்பரியக் குழு சொன்னது. நீதிமன்றத்தில் மனுக்கள் எடுபடவில்லை. 2017 ஏப்ரலில், 45-ஆவது வயதில், ஓர் இரவில் இடித்தார்கள். அந்த வளாகத்தில் இப்போது பாரத் மண்டபம் இருக்கிறது. அங்கேதான் 2023-இல் ஜி20 மாநாடு நடந்தது.

## அப்படியானால் என்ன செய்யலாம்

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

1. பொருளோடு மீட்பது. மேற்பரப்பே கலையாக இருக்கும் கான், கார்பூசியே கட்டடங்களுக்கு இது பொருந்தும். சால்க் நிலையத்தின் தேக்கு ஜன்னல்களை மொத்தமாக மாற்றாமல், கெட்ட பகுதியை மட்டும் மாற்றி 2017-இல் முடித்தார்கள். ஐ.ஐ.எம்.-மிலேயே விக்ரம் சாராபாய் நூலகத்தைக் கட்டடக் கலைஞர் பிருந்தா சோமாயாவின் குழு மீட்டு, 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதைப் பெற்றது. முடியாது என்ற வாதத்துக்கு அந்த நூலகமே பக்கத்தில் நின்று பதில் சொல்கிறது. செலவு அதிகம், வேலை மெதுவாக நடக்கும் என்பதும் உண்மைதான்.

2. உடலை மாற்றி, அமைப்பை வைத்துக்கொள்வது. ஐ.ஐ.எம். விடுதிகளில் அறைக்குள் கழிவறை, அதிக மாணவர், நிலநடுக்கப் பாதுகாப்பு ஆகிய தேவைகளைப் பொய் என்று தள்ள முடியாது. தூங்குகிறவன் தலையில் செங்கல் விழக்கூடாது. அப்படி மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முற்றங்களும் அறைக் கூட்டங்களும் அதே அளவில் திரும்ப வருகின்றனவா என்பதைக் கேட்க வேண்டும். புதிய வரைபடத்தில் தாழ்வாரம் முளைத்தால் கான் போய்விட்டார் என்று அர்த்தம்.

3. விதிகளை மட்டும் காப்பது. நகரத் திட்டங்களுக்கும் அரண்யா போன்ற குடியிருப்புகளுக்கும் இது பொருத்தம். 2023 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சண்டிகரின் முதல் கட்டப் பகுதியில், அதாவது 1 முதல் 30 வரையிலான செக்டார்களில், தனி வீடுகளை மாடிவாரியாகப் பிரித்து அடுக்ககங்களாக்குவதைத் தடுத்தது. அந்த வீடுகளில் ஒன்றைக்கூட நீதிமன்றம் நினைவுச்சின்னம் ஆக்கவில்லை. 1,50,000 பேருக்காக வரையப்பட்ட நகரப் பகுதியின் அடர்த்தியைத்தான் காத்தது. வீட்டுக்காரர் சமையலறையை மாற்றலாம், மாடிகளைத் தனித்தனியாக விற்கும் ஏற்பாடு மட்டும் செல்லாது. தங்கள் சொத்தின் விலையைத் தீர்ப்பு கட்டிப்போட்டுவிட்டது என்று மாடிகளின் பங்குதாரர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது.